சட்டையில் ஒரு சிவப்புப் பூ

போருக்கும் பூவுக்கும் உள்ள உறவைத் தமிழ் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆநிரை கவரச் சென்றவன் வெட்சி சூடினான். மீட்கச் சென்றவன் கரந்தை சூடினான். நேர்நின்று பொருதோர் தும்பை மலைந்தனர். வென்றோர் வாகை புனைந்தனர். தலையிற் சூடிய பூவைக் கண்டவுடனே இவன் எந்தப் பக்கத்தவன், எதற்காக வந்தவன் என்பது விளங்கிவிடும். களத்தில் வீழ்ந்தவனுக்கோ நடுகல் நாட்டினர். அக்கல்லுக்கு மாலை சூட்டிப் பீலி அணிவித்தனர். வீரன் சூடிய பூ வேறு, வீழ்ந்தவனுக்குச் சாத்திய பூ வேறு. முன்னது பக்கத்தைச் சொல்வது. பின்னது இழப்பைச் சொல்வது. இவ்விரண்டு வேலையையும் ஒரே பூ செய்ய நேர்ந்தால் என்னவாகும்?

இங்கிலாந்து நாட்டில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் மக்கள் தம் மேற்சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்புப் பாப்பி மலர் அத்தகையது. அது தேவாலயத்திலும் கடைத்தெருவிலும் இருந்த வரையில் உலகத்தார் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அனைத்துலகக் காற்பந்துத் திடலுக்குள் அது நுழைந்தபோதுதான் பிரதமர்கள் முழங்கினர், இளவரசர் மடல் எழுதினார், தண்டம் விதிக்கப்பட்டது. ஒரு சிறு தாட்பூவுக்கு இத்தனை ஆரவாரமா என்று நம்மவர் சிலர் நகைத்ததுண்டு. நகைப்பதற்கு முன் அதன் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்வது நன்று.

பாப்பி என்பது நம் வீட்டு அடுக்களையில் உள்ள கசகசாவின் இனத்தைச் சேர்ந்த செடி. கசகசாச் செடி வேறு, இந்தச் செந்நிறக் காட்டுச் செடி வேறு எனினும் குடும்பம் ஒன்றே. இதன் விதைகள் மண்ணுக்குள் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். மண் கிளறப்பட்டு வெளிச்சம் படும்போது முளைத்தெழும். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் பெரும்போரில், பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் பீரங்கிக் குண்டுகள் உழுது போட்ட நிலமெங்கும் இச்செடி பூத்துக் குலுங்கியது. புதைகுழிகளின்மேல் பூத்ததனால் அதற்கு ஒரு தனிப்பொருள் பிறந்தது. கனடா நாட்டு இராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே, நண்பர் ஒருவரைப் புதைத்த துயரில் 1915 மே மாதத்தில் அம்மலரை வைத்து ஒரு கவிதை எழுதினார். அது அவ்வாண்டு இறுதியில் இலண்டன் இதழொன்றில் வெளிவந்து ஆங்கிலம் பேசும் உலகெங்கும் பரவியது. மெக்ரே போர் முடிவதைக் காணவில்லை. 1918 சனவரியில் நோயுற்று இறந்தார்.

அக்கவிதையைப் படித்த அமெரிக்க மாது மொய்னா மைக்கேல் 1918 நவம்பரில் பட்டுப் பாப்பி மலர்களை வாங்கித் தாமும் அணிந்து பிறர்க்கும் வழங்கினார். பிரெஞ்சுப் பெண்மணி அன்னா கெரின், போரில் கணவனை இழந்த பெண்களும் குழந்தைகளும் செய்த துணிப் பூக்களை விற்று அவர்கள் வயிற்றுக்கு வழி தேடினார். பிரிட்டனில் முன்னாள் படைவீரர் சங்கமாகிய பிரிட்டிஷ் லீஜியன் 1921 இல் தோன்றியது. அவ்வாண்டே கெரின் அம்மையாரின் யோசனையை ஏற்றுப் பூ விற்றது. தொண்ணூறு இலட்சம் பூக்கள் விற்றுத் தீர்ந்தன. மறு ஆண்டு முதல் உடல் ஊனமுற்ற படைவீரர்களே தம் கையால் பூச்செய்யும் தொழிற்கூடமும் எழுந்தது. இதுவரையில் உள்ள கதை இரக்கத்தின் கதை. இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை.

ஆயினும் பூவின் நடுவில் உள்ள கறுப்புப் பொட்டில் ‘ஹெய்க் நிதி’ என்னும் சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. 1994 வரை பொறிக்கப்பட்டே வந்தன. ஹெய்க் என்பார் பிரிட்டிஷ் படைத்தலைவர். 1916 சூலை முதல் நாள் சோம் ஆற்றங்கரைப் போரில், அவருடைய தலைமையின் கீழ், ஒரே பகலில் 57,470 பேர் விழுந்துபட்டனர்; அவர்களுள் 19,240 பேர் மாண்டனர். மாண்டவனை நினைக்கும் பூவிலேயே, அவனைக் களத்திற்கு ஏவியவரின் பெயரும் இருந்தது! அன்றைக்கே இதைக் கண்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. இனிப் போரே வேண்டா என்று கூறிக் கூட்டுறவு மகளிர் சங்கத்தார் 1933 இல் வெள்ளைப் பாப்பியை விற்கத் தொடங்கினர். போரில் மகனையும் கணவனையும் பறிகொடுத்த பெண்கள் பலர் அவர்களிடையே இருந்தனர். ஆகவே, இப்பூ அரசியல் கலவாத தூய பூவாக ஒரு காலத்தில் இருந்தது, பின்னரே கெட்டது என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

நம் அண்டை நாட்டிலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். இலங்கை ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், அங்கும் நவம்பர் 11 ஆம் நாள் பாப்பி விற்கப்பட்டது. திரண்ட பணம் பெரும்பாலும் பிரிட்டிஷ் வீரர்களுக்கே போயிற்று. போருக்குச் சென்று திரும்பிய உள்நாட்டு வீரர் கைவிடப்பட்டனர். இதைப் பொறாத முன்னாள் வீரர் ஏலியன் பெரேரா, அதே நாளில் ‘சூரிய மல்’ என்னும் பூவை விற்கச் செய்தார். சூரிய மல் என்பது வேறொன்றுமன்று. நாம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதி விளையாடும் பூவரச மரத்தின் பூதான். 1933 இல் டொரீன் யங் என்னும் ஆங்கிலேய ஆசிரியை பூக்களின் போர் என்ற பொருளில் நாளிதழில் ஒரு கட்டுரை எழுத, இளைஞர் சங்கத்தார் அவ்வியக்கத்தை எடுத்துக்கொண்டனர். அவ்விளைஞர்களே 1934 - 35 இல் மலேரியாக் கொள்ளை நோயின்போது ஊர் ஊராகச் சென்று தொண்டாற்றினர். 1935 இறுதியில் இலங்கையின் முதல் இடதுசாரிக் கட்சியைத் தோற்றுவித்தவர்களும் அவர்களே. ஆங்கிலேயப் பெண்மணி ஒருவரே பாப்பிக்கு எதிராகப் பூவரசம்பூவின் பக்கம் நின்றார் என்பது நினைக்கத்தக்கது.

இனி விளையாட்டுத் திடலுக்கு வருவோம்.

இங்கிலாந்துக் காற்பந்துக் குழு நவம்பர் மாதத்தில் எத்தனையோ முறை ஆடியிருக்கிறது. 1987 ஆம் ஆண்டு சரியாக நவம்பர் 11 ஆம் நாளிலேயே பெல்கிரேடு நகரில் யூகோஸ்லாவியாவை எதிர்த்தாடி 4-1 என வென்றது. அன்று சட்டையில் பூ இல்லை. இல்லையே என்று கேட்டவரும் இல்லை. கழகங்களின் சட்டைகளில் பூத்தைத்து ஆடும் வழக்கம் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேதான் பரவியது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டுகொண்டிருந்த காலம் அது. செய்தித்தாள்கள் எந்தக் கழகம் அணிந்தது, எது அணியவில்லை என்று கணக்கெடுத்தன. பழைமையான மரபு என்று இன்று பலரும் எண்ணுவது உண்மையில் நேற்றைய வழக்கமே என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

2011 நவம்பர் 12 ஆம் நாள் இலண்டன் வெம்பிளி திடலில் இங்கிலாந்து ஸ்பெயினுடன் மோதவிருந்தது. சட்டையில் பாப்பியைத் தைத்துக்கொள்ள இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் இசைவு கேட்டது. அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபா மறுத்தது. காற்பந்து விதிகளுள் நான்காம் விதி, ஆட்டக்காரரின் உடையில் அரசியல், சமயம், தன்விருப்பம் ஆகியவை பற்றிய எந்த வாசகமும் உருவமும் இருத்தலாகாது என்கிறது. ஒருவர்க்கு இடங்கொடுத்தால் எல்லார்க்கும் கொடுக்க வேண்டிவரும் என்பது சம்மேளனத்தின் வாதம். பிரதமர் டேவிட் கேமரன் கொதித்தெழுந்தார். சங்கத் தலைவராக இருந்த இளவரசர் வில்லியம் மடல் எழுதினார். வலசாரித் தீவிரக் குழுவொன்றைச் சேர்ந்த இருவர் சூரிச் நகரில் உள்ள சம்மேளனக் கட்டடத்தின் கூரைமீதே ஏறி நின்றனர். முடிவில் ஓர் உடன்பாடு பிறந்தது: சட்டையில் வேண்டா, கறுப்புக் கைப்பட்டையில் பூ இருக்கலாம். விதி ‘உடை’ என்கிறது, கைப்பட்டை உடையன்று என்னும் நயமான விளக்கம் போலும்! அன்று வழக்கு தீரவில்லை, ஒத்திப்போடப்பட்டது.

ஐந்தாண்டு கழித்து அது திரும்பி வந்தது. 2016 நவம்பர் 11 ஆம் நாள் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதே வெம்பிளியில் மோத நேர்ந்தது. இம்முறை ஃபிஃபா இணங்கவில்லை. பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் எழுந்து, இது பொறுக்கவொண்ணாத அடாத செயல் என்னும் பொருள்படக் கண்டித்தார். சம்மேளனத்தின் பொதுச் செயலாளர் ஃபாத்மா சமூரா, செனகல் நாட்டுப் பெண்மணி. அவர் தந்த மறுமொழியின் சாரம் இது: போரால் துன்புற்ற நாடு பிரிட்டன் மட்டுமன்று, சிரியாவைப் பாருங்கள், என் கண்டமே பல்லாண்டுகளாகப் போரால் பிளவுண்டு கிடக்கிறது, ஒரு நாட்டுக்கு மட்டும் ஏன் விலக்கு?

இக்கேள்விக்கு இலண்டனில் நேரான விடை எவரும் தந்ததாகத் தெரியவில்லை. “எங்கள் பூ அரசியலன்று” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தன் வீட்டு மணம் தனக்குத் தெரியாது. வந்த விருந்தினனுக்கே தெரியும்.

இரு குழுவினரும் தடையை மீறிப் பூப்பொறித்த கைப்பட்டையோடு ஆடினர். இங்கிலாந்து 3-0 என வென்றது. வேல்சும் வட அயர்லாந்தும் தத்தம் ஆட்டங்களில் வெறும் கறுப்புப் பட்டையே அணிந்தன. ஆயினும் பார்வையாளர் பகுதியிலும் திடலிலும் பூ வேறு வகையில் இடம்பெற்றது. டிசம்பரில் தீர்ப்பு வந்தது: இங்கிலாந்துக்கு 45,000 சுவிஸ் பிராங்கு தண்டம்; ஸ்காட்லாந்துக்கும் வேல்சுக்கும் தலா 20,000; வட அயர்லாந்துக்கு 15,000.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காற்பந்து விதிகளை வகுப்பது ஃபிஃபா தனித்துச் செய்யும் காரியமன்று. 1886 இல் அமைக்கப்பட்ட வாரியமொன்று அதைச் செய்கிறது. அவ்வாரியத்தில் எட்டு வாக்குகள். ஃபிஃபாவுக்கு நான்கு, எஞ்சிய நான்கும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்சு, வட அயர்லாந்து ஆகிய நான்கு சங்கங்களுக்கும் ஒவ்வொன்றாக உரியவை. உலகில் வேறெந்த நாட்டுச் சங்கத்திற்கும் இவ்வுரிமை இல்லை, பிரேசிலுக்கும் இல்லை. ஒரு விதியை மாற்ற ஆறு வாக்குகள் வேண்டும். அரசியல் சின்னம் கூடாது என்னும் விதி, தண்டம் பெற்ற அந்த நால்வரும் அமர்ந்திருந்த அவையிலிருந்துதான் பிறந்தது. எங்கோ வெளிநாட்டில் இருந்த அதிகாரிகள் தம்மேல் சுமத்திய விதி என்று அவர்கள் முறையிட்டது எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

அரசியலை விளையாட்டிற் கலக்கலாகாது என்பதும் பிரிட்டிஷார்க்குப் பழகிய சொல்லே. எனினும் 1938 மே மாதத்தில் பெர்லினில் செருமனியுடன் ஆடியபோது, இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் கையுயர்த்தி நாஜி வணக்கம் செலுத்தினார்கள். தூதரகம் வற்புறுத்தியதால் செலுத்தினார்கள். அப்படத்தை இன்று காண அந்நாட்டாரே கூசுகின்றனர்.

மேலே சொன்னவை யாவும் ஒரு வழக்கின் வெளிப்புறம்தான். அதன் உள்நோவு அயர்லாந்தில் இருக்கிறது.

1916 ஆம் ஆண்டு அயர்லாந்து மக்களுக்கு ஓர் ஆண்டன்று. இரண்டு ஆண்டுகள் என்றே சொல்லலாம். அவ்வாண்டு ஏப்ரலில் டப்ளின் நகரில் குடியரசுக் கட்சியினர் ஈஸ்டர் எழுச்சியை நடத்தினர். பிரிட்டிஷ் படை அதை ஒடுக்கியது. தலைவர்கள் பதினாறு பேர் உயிர்த்தண்டனை பெற்றனர். தேசியவாதிகளுக்கு 1916 என்றால் அதுவே. அதே ஆண்டு சூலையில் சோம் போரில் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் படைப்பிரிவினர் முதல் இரு நாள்களில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் மக்களுக்கு 1916 என்றால் இதுவே. ஒரு சாராருக்குப் பாப்பி தம் பாட்டனின் நடுகல் மாலை. மறு சாராருக்கு அது தம் பாட்டனைச் சுட்ட படையின் பூ. உண்மை இவ்வளவு எளிதுமன்று. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் ஊழியம் செய்த ஐரிஷ்காரர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்; அவர்களுள் கத்தோலிக்கரும் தேசியவாதிகளும் மிகப் பலர். அவர்கள் ஊர் திரும்பியபோது நாடு மாறியிருந்தது. அவர்களுடைய பதக்கங்கள் பெட்டிக்குள் போயின, பிள்ளைகளிடமும் பேசப்படவில்லை. நினைவுச் சின்னம் ஒன்று எதிராளியின் உடைமையாகிவிட்டால், அதன்கீழ் கிடக்கும் நம் பிணங்களுக்கும் நாம் அழ முடியாமற் போகிறது.

இந்த 1916 இன் நூற்றாண்டை முன்னிட்டு, 2016 மார்ச்சில் சுவிட்சர்லாந்துடன் டப்ளினில் ஆடிய அயர்லாந்துக் குழு நினைவுச் சின்னமொன்றைச் சட்டையில் பொறித்துக்கொண்டது. அப்போது எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பாப்பித் தகராறு முற்றிய நவம்பரில்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், “அயர்லாந்துக்கு ஒரு நீதி, எங்களுக்கு ஒரு நீதியா?” என்று கேட்டார். விளைவு யாதெனில், பாப்பிக்குத் தண்டம் நீங்கவில்லை. அயர்லாந்துச் சங்கத்திற்கும் 5,000 பிராங்கு தண்டம் விழுந்தது! ஒருவரையொருவர் எதிர்த்து மாண்டவர்களின் நினைவுகள் இரண்டும் நூறாண்டுக்குப் பின் ஒரே விதியின் கீழ் ஒரே கூண்டில் நின்றன.

இனி ஓர் ஆட்டக்காரரின் கதை. வட அயர்லாந்தின் டெரி நகரில், கிரெகன் என்னும் பகுதியில் வளர்ந்தவர் சேம்ஸ் மெக்லீன். அயர்லாந்துக் குடியரசின் குழுவில் ஆடியவர். இங்கிலாந்துக் கழகமாகிய சண்டர்லாந்தில் இருந்தபோது, 2012 நவம்பரில் தம் குழுவினர் எல்லாரும் பாப்பி அணிய, இவர் ஒருவர் மட்டும் அணிய மறுத்தார். வசை மழை பொழிந்தது. கொலை மிரட்டல்களும் வந்தன. விகன் கழகத்திற்கு மாறிய பின், 2014 இல் கழகத் தலைவருக்கு ஒரு மடல் எழுதி அதை வெளியிட்டார். அம்மடல் படிக்கத்தக்கது. இரு உலகப் போர்களில் மாண்டவர்களை மட்டும் குறிப்பதாயின் இப்பூவை ஆண்டு முழுதும் அணிவேன் என்றும், 1945 க்குப் பின் பிரிட்டிஷ் படை ஈடுபட்ட எல்லாப் போர்களையும் அது குறிப்பதால் அணிய இயலவில்லை என்றும் அவர் பணிவாகவே விளக்கினார்.

1972 சனவரி 30 ஆம் நாள், டெரி நகரில் ஊர்வலம் சென்ற மக்கள்மீது பிரிட்டிஷ் வான்குடைப் படையினர் சுட்டதில் பதின்மூவர் அன்றே மாண்டனர். பதினான்காமவர் பின்னர் இறந்தார். குருதி ஞாயிறு என அந்நாள் வழங்கப்படுகிறது. மாண்டவர்களுள் அறுவர் கிரெகன் பகுதியினர். அவர்கள் குற்றமற்றவர்கள் என்பதை நெடுநாள் விசாரணைக்குப் பின் வந்த 2010 ஆம் ஆண்டு அறிக்கை உறுதிப்படுத்தியது. பிரதமர் கேமரனே நாடாளுமன்றத்தில் நின்று நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். அதற்கு அடுத்த ஆண்டே ஃபிஃபாவிடம் பாப்பி அரசியலன்று என்று வாதாடியவரும் அதே கேமரன்தான். அவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. தம் ஊர் நினைவுத் தூணருகில் நின்று பார்த்தபோது அவர் கண்ணுக்குப் பட்டது வேறு. கிரெகன் தெருவிலிருந்து பார்த்தவர்க்குப் பட்டது வேறு.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 1987 நவம்பர் 8 ஆம் நாள், நினைவு ஞாயிறன்று, வட அயர்லாந்தின் எனிஸ்கில்லன் ஊரில் போர் நினைவுத் தூணருகே கூடியிருந்த மக்களிடையே ஐரிஷ் குடியரசுப் படையினர் வைத்த குண்டு வெடித்தது. பதினொருவர் அன்றே மாண்டனர். அவர்கள் படைவீரர்களை நினைத்துப் பூ அணிந்து வந்த ஊர்மக்கள். அவ்வூரார்க்குப் பாப்பியைக் கழற்றச் சொல்வது கொன்றவர்க்கு வெற்றி தருவதாகவே படும். அவர்களிடம் போய் விதி எண் நான்கு என்று படித்துக்காட்ட எவருக்கு மனம் வரும்?

மெக்லீன் தனியரல்லர். செர்பிய நாட்டவராகிய நெமான்யா மாட்டிச், மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தில் ஆடியபோது, 2018 இல் பாப்பி அணிய மறுத்தார். 1999 இல் நேட்டோ விமானங்கள் அவருடைய விரேலோ கிராமத்தில் குண்டு வீசின. அப்போது அவருக்கு வயது பத்து. பிறர் பெருமையோடு அணிவதை நான் இகழவில்லை, எனக்கு அப்பூ அந்தக் குண்டுகளையே நினைவூட்டுகிறது என்றார் அவர். ஒருவன் விரும்பி அணிவது நினைவு. ஊரார் முறைப்பிற்கு அஞ்சி அணிவது சீருடை. அணியாதவனைக் கண்காணிக்கத் தொடங்கிய அன்றே அப்பூவின் மென்மை போய்விட்டது என்பது என் எண்ணம்.

காற்பந்தை விட்டுக் கிரிக்கெட்டுக்கு வந்தாலும் இதே சிக்கல்தான். 2014 சூலையில் சவுத்தாம்டன் திடலில் இங்கிலாந்து இந்தியாவுடன் ஆடிய ஐந்து நாள் ஆட்டத்தில், மொயின் அலி காசாவையும் பாலஸ்தீனத்தையும் குறித்த வாசகங்கள் கொண்ட கைவளையம் அணிந்தார். இது மனிதநேயமே, அரசியலன்று என்று அவருடைய வாரியம் கூறியது. ஆட்ட நடுவர் அதைக் கழற்றச் சொன்னார். அதே ஆட்டத்தில் இங்கிலாந்து ஆட்டக்காரர்களின் சட்டைக் கழுத்தில், காயமுற்ற பிரிட்டிஷ் படைவீரர்க்கு உதவும் அறநிறுவனமொன்றின் சின்னம் இருந்தது. அதற்குத் தடையில்லை. 2023 டிசம்பரில் பெர்த் நகரில் பாகிஸ்தானை எதிர்த்தாடியபோது ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா, எல்லா உயிரும் நிகர் என்ற பொருளுடைய வாசகத்தைக் காலணியில் எழுதியிருந்தார். அதை மறைக்க வேண்டியதாயிற்று. அவர் கறுப்புக் கைப்பட்டை அணிந்து ஆடினார். முன்னிசைவு பெறாமல் அணிந்ததற்காக அனைத்துலகக் கிரிக்கெட் மன்றம் அவரைக் கடிந்துகொண்டது. பின்னர் ஒலிவக் கிளையோடு ஒரு புறாவின் படத்தை மட்டையில் பொறிக்க விரும்பினார். அதற்கும் இசைவு கிடைக்கவில்லை. முன்னாள் ஆட்டக்காரரோ உறவினரோ இறந்தால் கறுப்புப் பட்டை கட்டுவது கிரிக்கெட்டில் நெடுநாள் வழக்கம். எந்த இறப்புக்குப் பட்டை கட்டலாம், எதற்குக் கட்டலாகாது என்பதை ஓர் அலுவலகம் தீர்மானிக்கும் நிலை வந்துவிட்டது.

இக்கேள்வி நமக்கு அயலானதன்று. சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடத்தில், நவம்பர் மாதத்து ஞாயிறொன்றில் பாப்பி மாலைகள் சாத்தப்படுகின்றன. அங்குள்ள சுவர்களில் கல்லறை அறியப்படாத 24,000 க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பஞ்சாபியர், கூர்க்கர், தமிழர் எனப் பல இனத்தார் அவர்களுள் உளர். ஆனால் அதே போர்க்காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, காட்டிலே காலராவாலும் பசியாலும் மடிந்த ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர்களின் பெயர் எச்சுவரிலும் இல்லை. அவர்கள் படைவீரர்கள் அல்லர் என்பதே காரணம். அச்சுவரின் முன் மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர், எழுதப்பட்ட பெயர்களைக் காட்டிய பின் எழுதப்படாதவர்களையும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். இதனால் கிராஞ்சிப் பூ பொய்யாகிவிடாது. ஆயினும் எந்த நினைவும் எவரையேனும் விட்டுவிட்டே நினைக்கிறது என்பது விளங்கும்.

ஃபிஃபாவின் தண்டம் அறிவுடைய செயலன்று என்பதே என் கருத்து. எனினும் சமூரா அம்மையார் எழுப்பிய கேள்வி அறிவுடையது. அக்கேள்வியின் அழுத்தத்தால்தான் 2017 இல் விதிக்கு விளக்கம் சேர்க்கப்பட்டது. முக்கியமான நாட்டு நிகழ்வையோ உலக நிகழ்வையோ நினைவுகூரும்போது, எதிரணியினர், அவர்தம் ஆதரவாளர், பொதுமக்கள் ஆகியோரின் உணர்வுகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். எது அரசியல் என்று அதிகாரி மட்டும் அளந்து சொன்ன நிலை மாறி, எதிரில் நிற்பவனையும் ஒரு சொல் கேட்க வேண்டியதாயிற்று. துக்கம் கொண்டாட எதிரியிடம் இசைவு பெறுவதா என்று சினந்தவர்கள் உண்டு. எனக்கோ, இவ்வழக்கில் எவரும் செய்த நல்ல காரியம் இது ஒன்றே எனத் தோன்றுகிறது.

அவ்வாண்டு நவம்பரில் டப்ளின் நாடாளுமன்றத்தில் அயர்லாந்துப் பிரதமர் லியோ வரத்கர், ஐரிஷ் மக்களின் சின்னமாகிய மூவிலைச் செடியின்மேல் பாப்பி பொருத்திய சிறு ஊசியொன்றை அணிந்து வந்தார். மறைக்கப்பட்ட பதக்கங்களுக்கு உரியவர்களை நினைந்தே அணிந்தார். இங்கிலாந்திலோ மெக்லீன் பந்தைத் தொடும்போதெல்லாம் கூச்சலிடும் வழக்கம் அதற்குப் பின்னரும் நவம்பர்தோறும் தொடர்ந்தது.

2017 நவம்பர் 10 ஆம் நாள் இரவு வெம்பிளியில் இங்கிலாந்தின் எதிரணியாக வந்தது செருமனி. பாப்பி அணியலாமா என்று இங்கிலாந்துச் சங்கம் கேட்டது. செருமானியர் இசைந்தனர், இசைந்ததோடு நில்லாமல் தாமும் அணிவதாகச் சொன்னார்கள். எந்தப் படையின் குண்டுகளால் அந்நிலத்தில் அப்பூக்கள் முளைத்தனவோ, அப்படையினரின் கொள்ளுப்பேரர் பதினொருவரும், எதிர்ப்படையினரின் கொள்ளுப்பேரர் பதினொருவரும் கறுப்புப் பட்டையில் ஒரே சிவப்புப் பூவோடு நடுவட்டத்தில் தலைகுனிந்து நின்றனர். பின்னர் நடுவர் ஊதினார். அந்த ஆட்டத்தில் இரு பக்கமும் கோல் விழவில்லை.